வண்டி ஓட்டக் கற்காமல் போன வருத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாற்பது, ஐம்பது வயதைக் கடந்த பிறகு, "அப்போதே ஓட்டக் கற்றிருக்கலாமே" என்று வருந்துகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. தமிழ்நாட்டு நகரங்களிலும் சிற்றூர்களிலும் வாழும் ஆண், பெண் இருபாலரையும் மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன். ஆயினும் இப்படிக் கேட்பவர்களில் பெண்களே மிகுதி என்பதால், விடைகளிலும் அந்தச் சாய்வு தெரியும்.

இத்தனை ஆண்டுகள் இல்லாத வருத்தம் இப்போது ஏன் வருகிறது?

இதுவரை வீட்டில் வேறு ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்தார். இப்போது அவரால் முடியவில்லை, அல்லது அவர் அருகில் இல்லை. பெரும்பாலான குடும்பங்களில் காரணம் இவ்வளவுதான். மகனும் மகளும் வேலைக்காகப் பெங்களூருக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுகிறார்கள். கணவருக்குக் கண்புரை வந்து, இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கு கூசத் தொடங்குகிறது. ஓய்வூதியப் பணத்தில் ஊருக்கு வெளியே கட்டிய வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வெகு தொலைவில் இருக்கிறது. வாசலில் கார் நிற்கும், சாவி ஆணியில் தொங்கும், மருந்துக் கடைக்குப் போக அடுத்த வீட்டுப் பையனைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

பேசிப் பார்த்தால், பெரும்பாலோருக்கு உறுத்துவது ஒவ்வொரு முறையும் ஒருவரிடம் கேட்டு நிற்க வேண்டியிருப்பதே. மருத்துவமனைக்கோ திருமண வீட்டுக்கோ போக வேண்டுமென்றால் கூச்சமில்லாமல் கேட்டுவிடலாம். பெரிய காரணம் எதுவும் இன்றி, பழைய தோழியைப் பார்த்துவிட்டு வரத் தோன்றினால் கேட்க வாய் வருவதில்லை. அப்படிக் கேட்காமலேயே விட்ட பயணங்கள்தாம் பின்னாளில் மனத்தை அரிக்கின்றன.

கற்காமல் விட்டது என் கோழைத்தனமா?

ஓரளவு இருக்கலாம், ஆனால் முழுப் பழியையும் தன்மீதே போட்டுக்கொள்பவர்கள், தாம் வளர்ந்த காலத்தில் வண்டிகளின் நிலை என்னவாக இருந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். 1970களில் பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஸ்கூட்டரோ, இடக் கையால் கிளட்சைப் பிடித்துக் கைப்பிடியையே திருகிக் கியர் மாற்றி, காலால் உதைத்துக் கிளப்ப வேண்டிய கனமான வண்டி. புடவை கட்டிய ஒருவர் அதைக் கையாள்வதை அதைச் செய்தவர்கள் நினைத்துப் பார்த்ததாகவே தெரியவில்லை. ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது 1980இல்தான். பட்டனை அழுத்தினால் கிளம்பும், கியர் இல்லாத கைனடிக் ஹோண்டா 1984இல் வந்தது; ஸ்கூட்டியும் ஆக்டிவாவும் அதற்கும் வெகு பின்னால் வந்தவை. மாருதி 800 விற்பனைக்கு வந்த 1983 டிசம்பரில், 1965இல் பிறந்த ஒருவருக்கு வயது பதினெட்டு.

வீட்டுக்கு ஒரு வண்டி வந்த பிறகும், அது வேலைக்குப் போகிறவரோடு காலையில் கிளம்பி இரவில் திரும்பியது. மற்றவர்கள் பழகிப் பார்க்க வீட்டில் வண்டி நின்ற நேரம் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே. அன்றைக்கும் அது துடைத்து வைக்கப்பட வேண்டிய பொருளாக இருந்ததே தவிர, கீழே போட்டுப் பழகுவதற்கான பொருளாக இருக்கவில்லை. 1985க்குப் பின் பிறந்தவர்களுக்கு இந்தச் சலுகையை அவ்வளவு எளிதாகத் தந்துவிட முடியாது. ஆயினும் மாநகரத்தில் ரயில் நிலையத்துக்கு அருகிலேயே வளர்ந்து, தேவையே எழாமல் முப்பதுகளைத் தாண்டிவிட்டவர்கள் அவர்களிலும் உண்டு.

ஐம்பத்தைந்து வயதாகிறது. சட்டம் அனுமதிக்குமா?

அனுமதிக்கும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் சொந்த வாகனம் ஓட்டுவதற்குக் குறைந்தபட்ச வயதை மட்டுமே வரையறுக்கிறது. மேல் வரம்பு எதையும் வைக்கவில்லை. நாற்பது வயதைக் கடந்தவர்கள் விண்ணப்பத்தோடு படிவம் 1ஏ என்னும் மருத்துவச் சான்றிதழையும் தர வேண்டும் என்பதே வேறுபாடு. நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவில் நிற்கும் காரின் எண் பலகையைப் படிக்க முடிகிறதா, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடிகிறதா என்பன போன்ற கேள்விகள் இந்தப் படிவத்தில் உள்ளன. விண்ணப்பிப்பதற்கு முன்பே கண் மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. "ஓட்ட வரவில்லை" என்று சோர்ந்துபோகிறவர்களில் சிலருக்கு உண்மையில் தேவைப்படுவது புதிய கண்ணாடி.

பழகுநர் உரிமம், அதாவது ஊரில் எல்லோரும் சொல்லும் எல்எல்ஆர், ஆறு மாதங்களுக்குச் செல்லும். அது கிடைத்து 30 நாட்கள் கழிந்த பிறகே ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும். 2019இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, 30 முதல் 50 வயதுக்குள் உரிமம் பெறுபவருக்கு அது பத்து ஆண்டுகளுக்கும், 50 முதல் 55க்குள் பெறுபவருக்கு அவருடைய அறுபதாவது வயது வரையிலும், 55ஐ எட்டியவருக்கு ஐந்து ஆண்டுகளுக்கும் செல்லுபடியாகும். அதன்பின் புதுப்பித்துக்கொள்ளலாம்.

எனக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது. ஸ்கூட்டர் கற்க முடியுமா?

முடியும்; ஆனால் நேராக ஸ்கூட்டரில் ஏறாமல், முதலில் சைக்கிளில் பழகுவதே நல்ல வழி. நூறு கிலோவுக்கும் மேற்பட்ட எடையும் தானே இழுக்கும் எஞ்சினும் கொண்ட ஒரு வண்டியில், நிலைகொள்வதையும் வேகத்தைக் கட்டுப்படுத்துவதையும் ஒரே நேரத்தில் கற்க முயல்வதால்தான் பலர் முதல் வாரத்திலேயே விழுந்து, அத்தோடு விட்டுவிடுகிறார்கள். பழைய சைக்கிள் ஒன்றின் இருக்கையை, இரு கால்களும் தரையில் முழுதாக ஊன்றும் அளவுக்குத் தாழ்த்திக்கொள்ளுங்கள். பெடல்களைக் கழற்றிவிட்டு, காலால் தரையைத் தள்ளித் தள்ளி நகருங்கள். கால்களைத் தூக்கிக்கொண்டு சற்றுத் தூரம் மிதந்து செல்ல வந்துவிட்டால் பெடலை மாட்டலாம். யாரும் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வர வேண்டியதில்லை.

இந்த வயதில் சைக்கிளா என்று சிரிப்பவர்களுக்குப் புதுக்கோட்டை மாவட்டத்தை நினைவூட்டலாம். 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் அங்கே ஆட்சியராக இருந்த காலத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களிடம் கொண்டுபோனது. வயல் வேலை செய்தவர்கள், கல் குவாரியில் உழைத்தவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் எனப் பல்லாயிரம் பெண்கள் அப்போது கற்றார்கள். பெண்களுக்கான சைக்கிள் போதிய அளவு கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டும் கம்பி வைத்த சைக்கிளையே ஓட்டினார்கள். குழந்தையை உட்காரவைக்க அந்தக் கம்பி வசதியாக இருக்கிறது என்று அதையே விரும்பியவர்களும் இருந்தார்கள். தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு போகவும் விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் பேருந்துக்காகக் காத்திருப்பதைத் தவிர்க்கவும் அவர்களுக்குச் சைக்கிள் தேவைப்பட்டது. கிண்டல் செய்தவர்கள் அங்கும் இருந்தார்கள்.

நிலைகொள்ளவே வரவில்லை என்றால், அல்லது எலும்புத் தேய்மானம் இருப்பதால் விழக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தால், ஸ்கூட்டரை விட்டுவிட்டுக் காருக்கே போய்விடலாம். சைக்கிள் தெரியாதவர் கார் கற்க முடியாது என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. நான்கு சக்கரம் தானே நிற்கும்.

உரிமமே தேவைப்படாத மின்சார ஸ்கூட்டர் இருக்கிறதாமே?

இருக்கிறது. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும், பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்கு மிகாமலும் உள்ள வண்டிகளை விதிகள் மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை. தெருவுக்குள்ளும் கடைவீதிக்கும் இவை போதும். லாரியும் பேருந்தும் போகும் நெடுஞ்சாலையில் அந்த வேகத்தில் போவது ஆபத்து. ஹெல்மெட் எதற்கு என்று கேட்காதீர்கள். தரை எல்லோருக்கும் ஒரே கடினம்தான்.

கியர் கார் கற்பதா, ஆட்டோமேட்டிக் கற்பதா?

நம் நாட்டில் இருசக்கர வண்டிக்குத்தான் கியர் உள்ளது, இல்லாதது என்று உரிமம் பிரிகிறது. காருக்கான உரிமத்தில் அத்தகைய பிரிவு இல்லை. எனவே இது முழுக்க உங்கள் வசதியைப் பொறுத்தது. வீட்டில் ஏற்கெனவே கியர் கார் நின்றால் அதைக் கற்பதுதான் பணத்துக்கு நல்லது. புதிதாக வாங்கப் போகிறீர்கள் என்றால், தயங்காமல் ஆட்டோமேட்டிக் வாங்குங்கள் என்பேன். 2014இல் மாருதி செலெரியோவோடு குறைந்த விலை ஆட்டோமேட்டிக் கார்கள் இங்கே அறிமுகமாயின. அதற்கு முன் அது வசதி படைத்தவர்களின் தேர்வாக இருந்தது. தாமதமாகக் கற்பவரின் கவனத்தில் பெரும்பகுதியைக் கிளட்ச் தின்றுவிடுகிறது. அந்தக் கவனம் சாலைக்குத் திரும்புவதே பெரிய லாபம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. ஆட்டோமேட்டிக் வண்டிகளில் பலவும் பிரேக்கிலிருந்து காலை எடுத்த உடனேயே, ஆக்சிலரேட்டரைத் தொடாமலேயே மெல்ல நகரத் தொடங்கும். பதற்றத்தில் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்துவிடும் விபத்துகள் இத்தகைய வண்டிகளில் நேர்கின்றன. இடக் காலைப் பயன்படுத்தவே கூடாது. வலக் காலின் குதிகால் பிரேக்குக்கு நேராகத் தரையில் ஊன்றியிருக்க, பாதம் மட்டும் திரும்ப வேண்டும். வண்டியை எங்கும் எடுத்துச் செல்வதற்கு முன், நின்ற இடத்திலேயே இதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து உரிமமும் வாங்கிவிட்டேன். ஆனாலும் தனியாக ஓட்ட வரவில்லை. ஏன்?

இந்தக் கேள்விதான் மிகுதியாக வருகிறது. விடை பயிற்சிக் காரின் தரையில் இருக்கிறது. அங்கே பயிற்சியாளரின் காலடியிலும் ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் உண்டு. நீங்கள் பிசகும் ஒவ்வொரு கணத்திலும் அவர் கால் அதைச் சரிசெய்துவிடுகிறது. சில நேரம் அவர் கை ஸ்டியரிங்கையும் திருப்பிவிடுகிறது. வண்டி ஆஃப் ஆகாமல் ஓடியதை உங்கள் திறமை என்று நம்பி நீங்கள் வீட்டுக்கு வருகிறீர்கள். சொந்தக் காரில் அந்தக் கால் இல்லை.

போதாக்குறைக்கு, ஒரே காரில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு, ஆளுக்குச் சிறிது நேரம் என்று மாற்றி மாற்றி ஓட்டவைக்கும் பள்ளிகள் உண்டு. எத்தனை வகுப்பு என்று எண்ணிக் கட்டணம் கட்டியவர், உண்மையில் ஸ்டியரிங்கைப் பிடித்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் மிகக் குறைவாகவே இருக்கும். 2021இல் அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்காக ஒன்றிய அரசு வகுத்த விதிகள், காருக்கு 29 மணி நேரப் பயிற்சியை வரையறுக்கின்றன. அதில் 21 மணி நேரம் செய்முறைக்கு உரியது. உங்களுக்குக் கிடைத்ததை அதோடு ஒப்பிட்டால், குறை உங்களிடம் மட்டுமில்லை என்பது தெரியும்.

ஆகவே, சேரும்போதே சிலவற்றைக் கேட்டுப் பெறுங்கள். தனியாக வகுப்பு வேண்டும் என்று சொல்லுங்கள். கூடுதல் கட்டணம் கேட்டாலும் கொடுங்கள். முதல் சில வகுப்புகளுக்குப் பிறகு, ஆபத்து என்றால் ஒழியக் காலைத் தரையிலேயே வைத்திருக்குமாறு பயிற்சியாளரிடம் பணிவாகக் கேளுங்கள். ரிவர்ஸ் எடுப்பது, மேம்பாலத்தின் ஏற்றத்தில் நிறுத்திப் பின்னால் உருளாமல் கிளப்புவது, சந்துக்குள் எதிர் வண்டிக்கு வழிவிடுவது ஆகிய மூன்றையும் பல பள்ளிகள் தேர்வுக்குத் தேவையான அளவுக்குத் தொட்டுவிட்டுப் போய்விடும். தேர்வில் "பிரேக் இன்ஸ்பெக்டர்" என்று மக்கள் அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னால் ஓட்டிக் காட்டுவது சில நிமிடங்களுக்குத்தான். நீங்கள் அன்றாடம் மாட்டிக்கொள்ளப் போவது இந்த மூன்றில்தான்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு வழியைத் தேர்ந்துகொள்ளுங்கள்: வீட்டிலிருந்து காய்கறிச் சந்தை, அல்லது வீட்டிலிருந்து மருத்துவமனை. ஊர் முழுவதையும் ஓட்டக் கற்க வேண்டும் என்று நினைப்பதால்தான் மலைப்பாக இருக்கிறது. ஞாயிறு அதிகாலையில் அந்த ஒரு வழியில், தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் போங்கள். எந்தத் திருப்பத்தில் ஷேர் ஆட்டோ நிற்கும், எந்த வேகத்தடையில் வர்ணம் அழிந்துவிட்டது, எங்கே நாய் குறுக்கே வரும் என்பதெல்லாம் மனப்பாடம் ஆனபின், அதே வழியில் மாலை நேரத்தில் போங்கள். தமக்குத் தேவையான இரண்டு வழிகளை மட்டுமே ஓட்டி, மற்ற எல்லாவற்றுக்கும் பேருந்தில் போகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களையும் ஓட்டத் தெரிந்தவர்கள் என்றே நான் கணக்கில் கொள்கிறேன்.

கணவரோ மகனோ கற்றுத் தரலாமா?

சட்டப்படி தடையில்லை. காரில் பழகும்போது, செல்லுபடியாகும் உரிமம் உள்ள ஒருவர், வண்டியை நிறுத்தக்கூடிய விதத்தில் பக்கத்தில் அமர்ந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் வெள்ளைப் பரப்பில் சிவப்பு எல் எழுத்து இருக்க வேண்டும். இருசக்கர வண்டியில் பழகுபவர், கற்றுத் தருபவரைத் தவிர வேறு எவரையும் பின்னால் ஏற்றக் கூடாது. எல்எல்ஆர் கூட இல்லாமல் மைதானம் தானே என்று ஓட்டிப் பார்ப்பதையும், பொதுமக்கள் புழங்கும் இடமாக இருந்தால் தவிர்த்துவிடுங்கள். உரிமம் இன்றி ஓட்டுவதற்கு அபராதம் 5,000 ரூபாய். ஓட்டக் கொடுத்த உரிமையாளருக்கும் தண்டனை உண்டு.

குடும்ப அமைதி என்று பார்த்தால், அடிப்படையை வெளியாரிடம் கற்று, பழக்கத்தை வீட்டாரோடு செய்வதே நல்லது. முப்பது ஆண்டுகள் ஓட்டியவருக்குத் தன் கால் என்ன செய்கிறது என்பதே மறந்துபோயிருக்கும்; அவரால் "மெதுவா விடு, மெதுவா விடு" என்று கத்த முடியுமே தவிர, எதை, எவ்வளவு என்று சொல்ல முடியாது. மகள் கற்றுத் தந்தால் கத்தல் சற்றுக் குறைவாக இருப்பதாகப் பலர் சொல்கிறார்கள்.

பின்னால் ஹாரன் அடித்தால் கை நடுங்குகிறது. இந்தப் பயம் போகுமா?

எதற்குப் பயப்படுகிறீர்கள் என்பதைப் பிரித்துப் பாருங்கள். யார்மீதாவது மோதிவிடுவோமோ என்ற பயம் தேவையானது. அது முழுதாகப் போய்விடக் கூடாது. நடுச்சாலையில் வண்டி ஆஃப் ஆகி, பின்னால் உள்ளவர்கள் திட்டுவார்களோ என்ற பயம் வேறு. வயது வந்த பிறகு கற்பவர்களை, குறிப்பாக அலுவலகத்திலும் வீட்டிலும் மதிப்போடு பழகியவர்களை, இந்த இரண்டாவது பயமே அதிகமாக வாட்டுகிறது. பல ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாகப் பொது இடத்தில் ஒன்றும் தெரியாதவராக நிற்க வேண்டியிருக்கிறது அல்லவா?

இதற்கு மருந்து, ஆஃப் ஆவதையே ஒரு பாடமாகப் பயில்வது. வெறிச்சோடிய இடத்தில் வேண்டுமென்றே வண்டியை ஆஃப் ஆக்குங்கள். பிரேக்கை மிதியுங்கள், கிளட்சை அழுத்தி நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள், சாவியைத் திருப்புங்கள், முதல் கியர் போடுங்கள், ஹாஃப் கிளட்சில், அதாவது கிளட்சைப் பாதி மட்டும் விட்ட நிலையில், நகர்த்துங்கள். இதைச் சிந்திக்காமல் செய்ய வரும்வரை திரும்பச் செய்யுங்கள். சிக்னலில் பத்து நொடிகளில் கிளம்பிவிட முடியும் என்று தெரிந்தபின் ஹாரன் வெறும் சத்தமாகிவிடும். நம் ஊரில் சிக்னல் பச்சையாவதற்கு முன்பே ஹாரன் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

என் உரிமம் காலாவதியாகிவிட்டது. மீண்டும் தொடங்க வேண்டுமா?

காலாவதியாகி ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் தேர்வு இன்றிப் புதுப்பிக்கலாம். அதைத் தாண்டிவிட்டால், மீண்டும் ஓட்டிக் காட்டித் தேர்ச்சி பெற வேண்டும். கையில் உரிமம் இருந்தும் ஆண்டுக்கணக்கில் ஓட்டாதவர்கள், தேர்வு தேவையில்லை என்றாலும் பயிற்சியாளரோடு சில வகுப்புகள் போய்வருவது நல்லது.

பேருந்தும் மெட்ரோவும் ஆட்டோவும் இருக்கும்போது கற்பது அவசியமா?

எல்லோருக்கும் அவசியமில்லை. சென்னையில் மெட்ரோ நிலையத்துக்கு அருகில் வசிப்பவருக்கு, கார் வாங்கி, காப்பீடு கட்டி, நிறுத்த இடம் தேடும் செலவில் ஆண்டு முழுவதும் ஆட்டோவில் போய்வர முடியும். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், யாரிடமும் பணமும் அனுமதியும் கேட்காமல் வெளியே போக முடிகிறது. மேலே சொன்ன கேட்டு நிற்கும் உறுத்தல் பலருக்கு இதனாலேயே தணிந்திருக்கிறது. உங்கள் வருத்தம் அந்த அளவில் தீர்ந்துவிடுமானால் கார் பயிற்சிக்குப் பணம் கட்ட வேண்டாம். இரவு எட்டரைக்குக் கடைசிப் பேருந்து போய்விடும் ஊரில், மூட்டு வலியோடு நிறுத்தம் வரை நடக்க முடியாதவருக்குக் கணக்கு வேறு.

இப்போது கற்றுக்கொண்டால், போன ஆண்டுகளின் வருத்தம் தீருமா?

தீராது என்றே சொல்ல வேண்டும். தொலைவாக இருக்கிறது என்று வேண்டாமென்று சொன்ன வேலை, நினைத்தபோது போய்ப் பார்க்க முடியாமல் காலமான அம்மா, பள்ளி விழாவுக்குப் பாதியில் போய்ச் சேர்ந்த நாள் ஆகியவை உரிமம் கிடைத்த பிறகும் அப்படியேதான் இருக்கும். சிலருக்கு, ஓட்டக் கற்ற முதல் மாதத்தில் வருத்தம் கூடுவதும் உண்டு; இவ்வளவுதானா, இதற்கா இத்தனை காலம் பயந்தோம் என்று தோன்றுவதால். அதைக் கண்டு கலங்க வேண்டாம். கற்பதற்கான காரணம் அடுத்த வாரம் நீங்கள் போக வேண்டிய இடமாக இருக்கட்டும்.

மருத்துவக் காரணத்தால் ஓட்டவே கூடாது என்றால்?

வலிப்பு நோய் உள்ளவர்கள், கண்ணாடி அணிந்தும் போதிய பார்வை இல்லாதவர்கள், மயக்கம் தரும் மருந்தைத் தொடர்ந்து உட்கொள்பவர்கள் ஆகியோர் விருப்பத்துக்காக இதை மறைத்து விண்ணப்பிக்கக் கூடாது. இவர்களுக்கு உதவுவது நிலையான ஓர் ஏற்பாடு. அருகில் உள்ள ஆட்டோ ஓட்டுநர் ஒருவரிடம் மாதக் கணக்கு வைத்துக்கொண்டு, வாரத்தில் எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு என்று பேசி முடித்துவிடுங்கள். அவசரத்துக்கு இன்னொருவரின் எண்ணையும் வாங்கி வையுங்கள். வீட்டிலேயே கார் இருந்தால் மணிக்கணக்கில் கூலி பெறும் ஓட்டுநர்கள் இப்போது சிறு நகரங்களிலும் கிடைக்கிறார்கள். எங்கே போகிறோம் என்று அவர்களிடம் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இடத்தைச் சொன்னால் போதும்.